1,844 பக்கங்கள்: டியூக் லக்ராஸ் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2007 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ராய் கூப்பர் செய்தியாளர்கள் முன் வந்து, டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் அணியைச் சேர்ந்த மூன்று மாணவர்கள் மீதான எல்லாக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்படுவதாக அறிவித்தார். வழக்கைக் கைவிடும் அரசுத் தரப்பு வழக்கமாகச் சொல்வது ‘போதிய சான்று இல்லை’ என்பதுதான். அந்தச் சொற்கள் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் சந்தேகத்தின் நிழலை ஆயுள் முழுவதும் விட்டுவைக்கும். கூப்பர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மூவரும் குற்றமற்றவர்கள் என்றே தம் அலுவலகம் நம்புவதாகச் சொன்னார். கடுமையான குற்றச்சாட்டுகளைச் சரிபார்க்காமல், குற்றம் சாட்டுவதில் காட்டிய அவசரத்தின் விளைவே இவ்வழக்கு என்றும் சொன்னார்.

அந்த அறிவிப்புக்கும் கூட்டு வன்புணர்வு நடந்ததாகச் சொல்லப்பட்ட இரவுக்கும் இடையே பதின்மூன்று மாதங்கள் கடந்திருந்தன. இந்த வழக்கை ஆராய்பவரை உறுத்துவது அந்தக் கால இடைவெளிதான். ஏனென்றால், மாணவர்களை விடுவித்த சான்றுகளில் பெரும்பாலானவை முதல் ஒன்றிரண்டு மாதங்களிலேயே இருந்தன. அவற்றைப் பார்க்க வேண்டிய கடமை உள்ளவர்கள் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டு மறைத்தார்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லும் விதி ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அது தாண்டப்பட்டது. இவ்வாய்வு அந்தத் தாண்டல்களைப் பற்றியது. விடுவிக்கப்பட்ட மூவரின் பெயர்களையும் புகார் கொடுத்த பெண்ணின் பெயரையும் இதில் நான் எழுதவில்லை. அந்த மூவரின் பெயர்களும் முகங்களும் ஏற்கெனவே தேவைக்கு மேல் அச்சேறிவிட்டன.

டர்ஹம் புகையிலையால் வளர்ந்த நகரம். அந்த வணிகத்தில் செல்வம் சேர்த்த டியூக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய தனியார் பல்கலைக்கழகம் அங்கே கற்கோபுரங்களோடு நிற்கிறது. அதே நகரில், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. லக்ராஸ் என்பது நுனியில் வலைப்பை பொருத்திய கோலால் பந்தை ஏந்தி எறிந்து ஆடும் ஆட்டம். வட அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து வந்த அந்த ஆட்டம், காலப்போக்கில் வடகிழக்கு மாநிலங்களின் வசதியான தனியார் பள்ளிகளோடு சேர்த்துப் பேசப்படுவதாகிவிட்டது. டியூக் அணியில் 47 பேர். அவர்களில் ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவர். இந்தப் பின்னணி தெரியாமல், ஒரு வீட்டில் நடந்த மது விருந்து சில நாட்களில் ஒரு நாட்டின் பேச்சாக மாறியதைப் புரிந்துகொள்ள முடியாது.

2006 மார்ச் 13 இரவு, அணித் தலைவர்கள் சிலர் வாடகைக்கு எடுத்திருந்த, வடக்கு புக்கனன் சாலையிலுள்ள 610ஆம் எண் வீட்டில் விருந்து நடந்தது. ஒரு முகவர் நிறுவனத்தின் வழியாக இரண்டு பெண்கள் நடனமாடுவதற்கு வரவழைக்கப்பட்டார்கள். நள்ளிரவில் தொடங்கிய நடனம் நான்கு நிமிடங்களில் நின்றுபோனது. மாணவர் ஒருவர் சொன்ன அருவருப்பான பேச்சால் தகராறு மூண்டது. பெண்கள் கிளம்பும்போது அவர்களை நோக்கி இனவெறிச் சொற்கள் வீசப்பட்டன. இதை மறைக்கவோ மென்மைப்படுத்தவோ எனக்கு விருப்பமில்லை. அந்த வீட்டில் அன்று நடந்தவற்றில் பலவும் வெட்கத்துக்குரியவை. ஆனால் வெட்கத்துக்குரிய நடத்தையும் கூட்டு வன்புணர்வும் ஒன்றல்ல. ஓராண்டுக்கு மேலாக அந்த நகரமும் ஊடகங்களும் முதலாவதைக் காட்டியே இரண்டாவதை நிரூபிக்க முயன்றன.

பின்னிரவில் ஒரு மளிகைக் கடையின் வாகன நிறுத்துமிடத்துக்குக் காவலர் அழைக்கப்பட்டார். நடனமாட வந்த இருவரில் ஒருவர் காரில் நினைவு தெளியாத நிலையில் இருந்தார். அவரைக் காவல்துறையினர் மனநல உதவி மையம் ஒன்றுக்குக் கொண்டு சென்றார்கள். வன்புணர்வு என்ற பேச்சு முதலில் எழுந்தது அங்கேதான். அங்கிருந்து மருத்துவமனைக்குச் சென்ற அந்தப் பெண்ணின் கூற்று அன்றிரவிலிருந்தே நிலையாக இல்லை. தாக்கியவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறியது. அதிர்ச்சிக்குள்ளானவரின் நினைவு சிதறுவது இயல்பே என்பதால், கூற்று மாறியது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் புகாரைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் மாறும் கூற்று புலனாய்வாளருக்குக் கூடுதல் வேலையைத் தருகிறது. வெளிச் சான்றுகளை இன்னும் கவனமாகத் தேட வேண்டிய பொறுப்பைச் சுமத்துகிறது. உடன் சென்ற இரண்டாவது பெண் மார்ச் 20 அன்று காவல்துறையிடம் அந்தக் குற்றச்சாட்டு வெறும் கட்டுக்கதை என்று சொல்லியிருந்தார். அதுவும் கோப்பில்தான் கிடந்தது.

மாணவர்கள் முதலில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மார்ச் 16 அன்று காவல்துறை அந்த வீட்டைச் சோதனையிட்டபோது, அங்கே குடியிருந்த மூன்று அணித் தலைவர்களும் வழக்கறிஞர் துணையின்றி வாக்குமூலம் கொடுத்தார்கள். மரபணு மாதிரி கொடுத்தார்கள். உண்மை கண்டறியும் கருவிச் சோதனைக்கும் உட்படத் தயார் என்றார்கள். மார்ச் 23 அன்று நீதிமன்ற ஆணையின்படி, தாக்கியவர்கள் வெள்ளையர் என்று சொல்லப்பட்டதால் கறுப்பின வீரரைத் தவிர்த்து, மீதி 46 பேரும் மரபணு மாதிரி கொடுத்தார்கள். அந்த ஆணையைக் கேட்டு அரசுத் தரப்பு தாக்கல் செய்த மனுவில் ஒரு வரி இருந்தது: மரபணுச் சோதனை குற்றமற்றவர்களை உடனடியாக விலக்கிவிடும் என்பது அது. வழக்கு முழுவதும் நினைவில் வைத்திருக்க வேண்டிய வரி அது. அடுத்த சில நாட்களில் அதே அரசுத் தரப்பு, இந்த மாணவர்கள் வாய்மூடி ஒருவரையொருவர் காக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொல்லத் தொடங்கியது.

அப்படிச் சொன்னவர் டர்ஹம் மாவட்ட அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங். 2005இல் காலியான அந்தப் பதவிக்கு ஆளுநரால் நியமிக்கப்பட்ட அவர், 2006 மே 2 அன்று முதன்முறையாகக் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலைச் சந்திக்கவிருந்தார். அமெரிக்காவில் மாவட்ட அரசு வழக்கறிஞர் மக்களிடம் வாக்குக் கேட்டு வரும் பதவி என்பதைத் தமிழ் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும், அந்த முடிவுக்காக வாக்குப் பெறுபவரும் அங்கே ஒருவரே. வழக்கு தம் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே நைஃபாங் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேட்டிகள் கொடுத்தார். வன்புணர்வு நடந்தது என்பதில் தமக்கு ஐயமில்லை என்றார். மாணவர்களைப் போக்கிரிகள் என்றார். பின்னாலிருந்து கழுத்தை எப்படி நெரித்திருப்பார்கள் என்று தொலைக்காட்சிக் கேமரா முன் தம் கையாலேயே நடித்துக் காட்டினார். தப்புச் செய்யாதவருக்கு வழக்கறிஞர் எதற்கு என்ற பொருளிலும் பேசினார். சட்டம் படித்த ஒருவர், அதிலும் அரசின் சார்பில் நிற்பவர், வழக்கறிஞரை நாடும் உரிமையையே குற்றத்தின் அடையாளமாகச் சித்திரித்ததைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அந்த உரிமையால் அதிகம் பயன்பெற வேண்டியவர்கள் அவர் வாக்குக் கேட்ட ஏழை மக்களே.

நகரம் பின்தொடர்ந்தது. அந்த வீட்டின் முன் சட்டிப் பானைகளைத் தட்டி ஒலியெழுப்பி மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். வீரர்களின் ஒளிப்படங்களை அடுக்கி, தேடப்படுவோர் அறிவிப்பு போன்ற சுவரொட்டிகள் வளாகத்தில் ஒட்டப்பட்டன. பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் பிராட்ஹெட் முதலில் போட்டிகளை நிறுத்திவைத்தார். ஏப்ரல் 5 அன்று அந்தப் பருவத்தையே ரத்து செய்தார். அதே நாளில் பயிற்சியாளர் மைக் பிரஸ்லர் பதவி விலக நேர்ந்தது. மறுநாள் மாணவர் நாளிதழில் பேராசிரியர்கள் 88 பேர் ஒப்புதலோடு ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. கறுப்பின மாணவர்கள் வளாகத்தில் அன்றாடம் சந்திக்கும் அவமானங்களைக் கேட்கச் செய்வதே அதன் நோக்கம் என்று பின்னர் விளக்கம் சொல்லப்பட்டது. அந்த அவமானங்கள் உண்மையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விளம்பரம் ஆர்ப்பாட்டம் செய்தவர்களைப் பார்த்து, காத்திராமல் குரல் எழுப்பியதற்கு நன்றி என்றது. சான்றைத் தேடுவதையும் ஐயத்தைப் பொறுத்திருப்பதையும் கற்பிப்பதே தொழிலாகக் கொண்டவர்கள், காத்திராமைக்கு நன்றி சொன்னார்கள். தங்கள் வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர்களும் அந்த 46 பேரில் இருந்தார்கள் என்பதை எழுதும்போது நினைத்துப் பார்த்தார்களா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 4 அன்று நடந்தது அடையாள அணிவகுப்பு. நேரில் நிறுத்தாமல், ஒளிப்படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அடையாள அணிவகுப்பின் நம்பகத்தன்மை முழுவதும் ஓர் எளிய ஏற்பாட்டில் நிற்கிறது: வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் படங்களும் கலந்திருக்க வேண்டும். அப்போதுதான் சாட்சி தவறினால் அந்தத் தவறு வெளியே தெரியும். தொடர்பில்லாதவரைக் காட்டினால் சாட்சியின் நினைவு பிழைக்கிறது என்று அறியலாம். ஒவ்வொரு சந்தேக நபருக்கும் இப்படிப் பிறர் ஐவரின் படங்களைச் சேர்க்க வேண்டும், புலனாய்வில் ஈடுபடாத ஒருவரே படங்களைக் காட்ட வேண்டும் என்று டர்ஹம் காவல்துறையின் சொந்த விதியே சொன்னது. அன்று காட்டப்பட்ட 46 படங்களும் லக்ராஸ் வீரர்களுடையவை. பிறருடையது ஒன்றுகூட இல்லை. தவறான விடையே இல்லாத தேர்வு அது. யாரைக் காட்டினாலும் அவர் டியூக் அணி வீரராகவே இருப்பார்.

அதற்கு முன்பு மார்ச் மாதத்தில் காட்டப்பட்ட படங்களில் அந்தப் பெண் யாரையும் தம்மைத் தாக்கியவராக அடையாளம் காட்டவில்லை. விருந்தில் இருந்ததாக அவர் உறுதியாகச் சொன்னவர்களில் ஒருவர் அன்றிரவு டர்ஹமிலேயே இருந்திருக்கவில்லை. ஏப்ரல் 4 அன்று அவர் மூவரைக் காட்டினார். மூன்றாமவரைப் பற்றிச் சொல்லும்போது, மீசை இருந்தால் இவர்தான் என்ற பொருளில் சொன்னார். அந்த மாணவர் மீசை வைத்திருக்கவில்லை. இவை யாவும் எழுத்தில் பதிவாகின. பதிவானதைப் படித்த ஒருவராவது அந்த அறையில் எழுந்து, இதை நிறுத்துவோம் என்று சொல்லியிருந்தால் மீதி எதுவும் நடந்திராது.

ஏப்ரல் 10 அன்று மாநில ஆய்வகத்தின் முடிவு வெளியானது. 46 பேரில் ஒருவருடைய மரபணுவும் அந்தப் பெண்ணின் உடலிலிருந்தோ உடையிலிருந்தோ எடுக்கப்பட்ட மாதிரிகளில் இல்லை. குற்றமற்றவர்களை மரபணு உடனடியாக விலக்கிவிடும் என்று மார்ச் மாதத்தில் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த தரப்பு, மரபணு இல்லாததால் குற்றம் இல்லை என்றாகிவிடாது என்று ஏப்ரலில் பேசியது. ஏப்ரல் 17 அன்று, வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான பெருநடுவர் குழு இரண்டு மாணவர்கள்மீது குற்றச்சாட்டுப் பதிந்தது. மறுநாள் அவர்கள் கைதானார்கள். ஒவ்வொருவருக்கும் பிணைத் தொகை 4,00,000 டாலர். காவல்துறை எடுத்த அவர்களது படங்கள் நியூஸ்வீக் வார இதழின் அட்டையை நிறைத்தன. மே 2 தேர்தலில் நைஃபாங் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மூன்றாம் மாணவர் பட்டம் பெற்ற மறுநாள், மே 15 அன்று, அவர்மீதும் குற்றச்சாட்டு வந்தது.

கைதான இருவரில் ஒருவர் அன்றிரவை எப்படிக் கழித்தார் என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். நடனம் நள்ளிரவில் தொடங்கி 12:04க்குள் முடிந்ததை விருந்தில் எடுத்த படங்களின் நேரக் குறிப்பு காட்டுகிறது. அடுத்த பத்து நிமிடங்களில் அந்த மாணவரின் கைபேசியிலிருந்து அடுத்தடுத்து அழைப்புகள் போயிருக்கின்றன. கடைசியாக ஒரு வாடகைக் கார் ஓட்டுநருக்கு. 12:19 மணிக்குக் கார் வந்து அவரை ஏற்றிக்கொண்டது. 12:24 மணிக்கு அவர் ஒரு வங்கியின் ஏடிஎம் முன் நிற்கிறார். அங்கிருந்த கேமரா அவர் முகத்தைப் பதிந்திருக்கிறது. வழியில் சாப்பாடு வாங்கிக்கொண்டு, 12:46 மணிக்குத் தம் விடுதிக் கதவை அட்டையால் திறந்திருக்கிறார். அதுவும் கணினியில் பதிவாகியிருக்கிறது. முப்பது நிமிடம் நீடித்ததாகச் சொல்லப்பட்ட தாக்குதலை வைப்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இந்தச் சான்றுகளை எடுத்துக்கொண்டு அந்த மாணவரின் வழக்கறிஞர் நைஃபாங்கைச் சந்திக்க முயன்றார். சந்திக்க மறுக்கப்பட்டது. அந்த மறுப்பை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். மரபணு முடிவை வேறு மாதிரி விளக்கலாம். சாட்சியின் தடுமாற்றத்தை அதிர்ச்சி என்று சொல்லலாம். ஆனால் மேசைக்கு வந்த ஏடிஎம் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்பதற்கு என்ன விளக்கம் இருக்க முடியும்? இதற்கிடையே, அந்த மாணவருக்கு ஆதரவாகச் சாட்சியம் சொல்ல முன்வந்த கார் ஓட்டுநர், இரண்டரை ஆண்டுகள் பழைய கடைத் திருட்டுப் புகார் ஒன்றில் திடீரென்று கைது செய்யப்பட்டார். வெளிநாட்டிலிருந்து குடியேறி, காரோட்டிப் பிழைத்த மனிதர் அவர். அந்தப் புகாரில் குற்றமற்றவர் என்று பின்னர் தீர்ப்பானது. தம் வாக்குமூலத்தை அவர் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அந்த நாட்களில் நிதானம் காத்தவர்களும் உண்டு. டியூக் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் கோல்மன், கறுப்பினத்தவர். லக்ராஸ் அணியின் ஒழுக்கத்தை விசாரிக்கப் பல்கலைக்கழகம் அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். மே மாதம் வெளியான அக்குழுவின் அறிக்கை, அணியினரின் குடிப்பழக்கத்தையும் பொறுப்பற்ற நடத்தையையும் பூசி மெழுகாமல் கண்டித்தது. அதே தெளிவோடு, முந்தைய ஆண்டுகளில் அவர்களிடம் இனவெறியோ பாலியல் வன்முறையோ இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னது. அடையாள அணிவகுப்பின் குறையை வெளிப்படையாக எடுத்துக்காட்டி, வழக்கைச் சிறப்பு வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2006 ஜூனிலேயே கேட்டவரும் அவர்தான். ஒருவரைக் கண்டிக்கவும் வேண்டும், அவர் செய்யாததை அவர்மேல் சுமத்தவும் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதற்கு அந்த ஊரிலேயே அவர் கண்முன் இருந்தார்.

வழக்கின் திருப்பம் நீதிமன்ற வாதத்தில் நிகழவில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து படித்ததில் நிகழ்ந்தது.

மாநில ஆய்வகத்தில் எதுவும் கிடைக்காததால், பர்லிங்டன் நகரிலிருந்த ஒரு தனியார் ஆய்வகத்துக்கு மாதிரிகளை நைஃபாங் அனுப்பியிருந்தார். அதன் இயக்குநர் பிரையன் மீஹன். அவரது மே மாத அறிக்கை வழக்குக்குப் பெரிதாக உதவவில்லை. எதிராகவும் இருப்பதாகத் தோன்றவில்லை. அதற்கு அடிப்படையான ஆய்வுத் தரவுகளை எதிர்த்தரப்பு கேட்டபோது, கொடுக்க வேண்டியவை எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்ற பதிலே நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் நீதிபதி ஆஸ்மண்ட் ஸ்மித்தின் உத்தரவின் பேரில் அக்டோபர் இறுதியில் தரவுகள் ஒப்படைக்கப்பட்டன: 1,844 பக்கங்கள். விளக்கமோ சுருக்கமோ இல்லாமல், வரைபடங்களும் எண்களும் குறியீடுகளும் மட்டுமே நிறைந்த தாள்கள்.

பிராட் பானன் என்ற இளம் வழக்கறிஞர் அவற்றை எடுத்துக்கொண்டார். அவர் அறிவியல் படித்தவரல்லர். மரபணுவியல் பாடநூல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாணவரைப் போல அடிப்படையிலிருந்து கற்று, பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த எண் எந்த மாதிரிக்குரியது, எந்தக் கோடு யாருடையதாக இருக்க முடியாது என்று வாரக்கணக்கில் தேடியபோது அவருக்குப் புலப்பட்டது இது: அந்தப் பெண்ணின் உடலிலிருந்தும் உடையிலிருந்தும் எடுத்த மாதிரிகளில் அடையாளம் தெரியாத ஆண்கள் பலருடைய மரபணு இருந்தது, அவற்றில் ஒன்றும் லக்ராஸ் அணியில் எவருடையதும் அல்ல. ஆய்வகத்துக்கு இது ஏப்ரலிலேயே தெரிந்திருந்தது. நைஃபாங்கிடமும் ஏப்ரலிலேயே சொல்லப்பட்டிருந்தது. அறிக்கையில் மட்டும் அது இல்லை.

டிசம்பர் 15 அன்று டர்ஹம் நீதிமன்றத்தில் மீஹன் சாட்சிக் கூண்டில் ஏறினார். பானன் தரவுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேட்டார். அவரைத் தொடர்ந்து வழக்கறிஞர் ஜிம் கூனி குறுக்கு விசாரணை செய்தார். பொருந்தும் முடிவுகளை மட்டும் அறிக்கையில் எழுதி மற்றவற்றை விட்டுவிடுவதென்று மாவட்ட அரசு வழக்கறிஞரோடு சேர்ந்து வேண்டுமென்றே செய்த ஏற்பாடா என்பதே அவரது கேள்வியின் சாரம். ஆம் என்பது பதில்.

ஒரு வாரத்துக்குள் வழக்கு ஆட்டம் கண்டது. வன்புணர்வின் சட்ட வரையறைக்குரிய செயல் நடந்ததா என்பதில் தமக்கு இப்போது உறுதியில்லை என்று அந்தப் பெண் சொன்னதாக டிசம்பர் 22 அன்று அந்தக் குற்றச்சாட்டு மட்டும் கைவிடப்பட்டது, மற்றவை தொடர்ந்தன. வட கரோலினா வழக்கறிஞர் கழகம் நைஃபாங் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியதும், 2007 ஜனவரியில் அவர் வழக்கிலிருந்து விலகினார். கூப்பரின் அலுவலகம் முதலிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் விசாரித்தது. புகார் கொடுத்த பெண்மீது பொய்ப்புகார் வழக்குத் தொடர வேண்டாம் என்றும் முடிவு செய்தது. தாம் சொன்ன பல்வேறு கதைகளை அவர் நம்பவும் கூடும் என்பது கூப்பர் சொன்ன காரணங்களில் ஒன்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு குற்றத்துக்காகச் சிறையிலிருந்த அந்தப் பெண், தாம் சொன்னது பொய் என்று 2024 டிசம்பரில் வெளியான ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார்.

2007 ஜூன் 16 அன்று நைஃபாங்கின் வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டது. விசாரித்த ஒழுங்கு ஆணையக் குழுவின் தலைவர் லேன் வில்லியம்சன், தன்னலத்திலிருந்து பிறந்த தன்னேமாற்றமே இதன் வேர் என்றார். மிகச் சரியான சொற்களாகவே எனக்குப் படுகின்றன. குற்றமற்றவர்கள் என்று நன்றாகத் தெரிந்தே நைஃபாங் வழக்கைத் தொடங்கினார் என்று நான் நினைக்கவில்லை. முதல் வாரத்தில் ஐம்பது பேட்டிகளில் உறுதியாகச் சொல்லிவிட்ட ஒருவருக்கு, இரண்டாம் வாரத்தில் வரும் சான்று எதிரியாகிவிடுகிறது. தாம் தவறியதை ஒப்புக்கொள்வதைவிட ஆய்வறிக்கையில் சில வரிகளை விட்டுவிடுவது எளிதாகத் தோன்றியிருக்கும். நீதிமன்றத்திடம் பொய் சொன்னதற்காக அவர் செப்டம்பர் மாதம் ஒரு நாள் சிறையில் இருந்தார்.

இந்த வழக்கு பாலியல் புகார்களை நம்பக் கூடாது என்பதற்குச் சான்றாகப் பல இடங்களில் காட்டப்படுகிறது. அது தவறான வாசிப்பு மட்டுமல்ல, கொடுமையானதும்கூட. புகாரை ஏற்று விசாரணை தொடங்கியது சரியே. தவறியது, விசாரணைக்கு முன்பே முடிவை அறிவித்ததில். முடிவை அறிவித்த பிறகு விசாரணையை அதற்கேற்ப வளைத்ததில். முறையான அடையாள அணிவகுப்பு, முழுமையான ஆய்வறிக்கை, எதிர்த்தரப்பின் சான்றைப் பார்க்கும் பொறுமை ஆகியவை உண்மையான புகாரைப் பலப்படுத்துபவை. அவற்றைத் தவிர்த்த அரசு வழக்கறிஞர், அடுத்து வரும் பெண்ணின் உண்மையான புகாருக்கும் சேர்த்துத்தான் கேடு செய்தார்.

பானன் படித்த 1,844 பக்கங்கள் அவர் கைக்கு வந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. தன் கோப்பு முழுவதையும் எதிர்த்தரப்புக்கு அரசுத் தரப்பு திறந்து காட்ட வேண்டும் என்ற சட்டம் வட கரோலினாவில் 2004இல்தான் வந்தது. அதற்குக் காரணமான மனிதர் மரண தண்டனைக் கைதியாக இருந்தவர். கொலையானவரை, கொலை நடந்ததாக அரசுத் தரப்பு சொன்ன நாளுக்குப் பின்னும் உயிரோடு பார்த்ததாகப் பல சாட்சிகள் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் குற்றம் சாட்டப்பட்ட இவரோ வெளிமாநிலத்திலோ சிறையிலோ இருந்தார். அந்த வாக்குமூலங்கள் அவரது வழக்கறிஞர்களுக்குத் தரப்படாமலே 1998இல் தண்டனை தரப்பட்டது. மறுவிசாரணையில் 2004 பிப்ரவரியில் அவர் விடுதலையானார். அவருக்குக் கிடைக்காத கோப்பு, அவர் பட்ட பாட்டினால், டியூக் மாணவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் கோப்பைத் திறந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்க ஆள் வேண்டும். வாரக்கணக்கில் பாடநூலோடு உட்காரும் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள அந்த மாணவர்களின் குடும்பங்களால் முடிந்தது.

இதை அவர்களில் ஒருவர் உணர்ந்திருந்தார். வழக்கு கைவிடப்பட்ட அன்று பேசிய அவர், எந்தச் சான்றும் இல்லாமலே காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் எங்களை இவ்வளவு தூரம் இழுத்துவர முடிந்தது என்றால், தற்காத்துக்கொள்ள வசதியில்லாதவர்களை என்ன செய்வார்கள் என்று நினைத்தும் பார்க்க முடியவில்லை என்று சொன்னார்.

அவர் அதைச் சொன்ன நாளில், டர்ஹமைச் சேர்ந்த ஒரு கறுப்பின மனிதர் வட கரோலினாச் சிறை ஒன்றில் இருந்தார். 1991இல் ஒரு தாயும் அவரது பதின்மூன்று வயது மகளும் கொல்லப்பட்ட வழக்கில் 1995இல் அவருக்குத் தண்டனை கிடைத்திருந்தது. விசாரணைக்கு முன்பே செய்த மரபணுச் சோதனை அவருக்குப் பொருந்தவில்லை. இது பாலியல் குற்றம் சார்ந்த வழக்கே அல்ல, ஆகவே அந்த முடிவு பொருட்டல்ல என்ற வாதத்தை நடுவர் குழு முன் வைத்து அவருக்குத் தண்டனை வாங்கித் தந்த அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங். அந்த வாதத்துக்கு முரணான காவல்துறைக் குறிப்பு ஒன்று கோப்பில் இருந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளிவந்தது. 2014இல் ஒரு நீதிபதி அந்தத் தண்டனையை நீக்கினார். அரசு மேல்முறையீடு செய்தது. 2016 ஆகஸ்ட் 31 அன்று அவர் வெளியே வந்தார். உள்ளே கழிந்தவை இருபது ஆண்டுகளுக்கு மேல். அவர் குற்றமற்றவர் என்று 2021 ஏப்ரலில் ஆணை பிறப்பித்த ஆளுநர், ராய் கூப்பர்.